சம்பளம் சொல்லாத வெளிநாட்டு ஆசிரியர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளம்பரத்தில் எல்லாம் இருக்கும். வீடு இலவசம், வருடத்துக்கு ஒரு விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு, நட்பான சூழல். சம்பளம் எவ்வளவு என்ற இடத்தில் மட்டும் 'தகுதிக்கும் அனுபவத்துக்கும் ஏற்ப' என்று முடித்துவிடுவார்கள். இப்படிப்பட்ட வேலைக்கு விண்ணப்பிக்கலாமா, எப்படி விசாரிப்பது, வந்த ஆஃபரை எப்படி எடைபோடுவது என்று ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சம்பளம் போடாத விளம்பரம் என்றாலே மோசடிதானா?

இல்லை. நல்ல பள்ளிகளும் மறைக்கின்றன. சர்வதேசப் பள்ளிகள் பலவற்றில் சம்பள அட்டவணை ஒன்று இருக்கும். மேலே படிப்பு, பக்கவாட்டில் அனுபவ வருடங்கள், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் உங்கள் சம்பளம். புதிதாக வருபவருக்கும் பதினைந்து வருடம் பாடம் நடத்தியவருக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதால் ஒற்றை எண்ணைப் போடத் தயங்குவார்கள். போட்டிப் பள்ளிக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பது இன்னொரு காரணம். அங்கே ஏற்கெனவே வேலை பார்ப்பவர்கள் புது ஆளுக்கு எவ்வளவு என்று பார்த்துவிட்டால் சங்கடம் என்பது மூன்றாவது காரணம். இதை மட்டும் யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அட்டவணை இருக்கிறதென்றால், கேட்டதும் காட்டலாமே. 'குறைந்தது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு' என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அதனால் விளம்பரத்தில் சம்பளம் இருக்கிறதா என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கேட்ட பிறகு எப்போது சொல்கிறார்கள் என்பதைத்தான் பார்ப்பேன். முதல் மின்னஞ்சலுக்கே பதில் வந்தால் பிரச்சினை இல்லை. நேர்காணல் முடிந்து, டெமோ வகுப்பும் முடிந்து, சான்றிதழ் நகல்களையும் வாங்கிக்கொண்ட பிறகும் 'அதை அப்புறம் பேசலாம்' என்றால், நீங்கள் எவ்வளவு குறைவாக ஒத்துக்கொள்வீர்கள் என்று ஆழம் பார்க்கிறார்கள்.

சம்பளத்தை வெளிப்படையாகச் சொல்லும் நாடுகளே இல்லையா?

நிறைய உண்டு. அரசு சார்ந்த திட்டங்களில் ஒளிவுமறைவு குறைவு. வெளிநாட்டினரைப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்க அழைக்கும் ஜப்பானின் ஜெட் திட்டம் 1987-இல் தொடங்கியது. அதில் எந்த ஆண்டில் எவ்வளவு சம்பளம் என்று விண்ணப்பிக்கும் முன்பே தெரியும். முதலாம் ஆண்டுக்கு வெகுகாலம் 33.6 லட்சம் யென்னாக இருந்தது, 2025-இல் 40.2 லட்சம் யென்னாக உயர்ந்தது. அதே போன்ற தென் கொரியாவின் எபிக் திட்டமும் தகுதி, அனுபவம் பார்த்துப் படிநிலை பிரித்துச் சம்பளத்தை வெளியிடுகிறது. இங்கிலாந்தில் அரசு அட்டவணைப்படி 2024-25 கல்வியாண்டின் தொடக்கச் சம்பளம் லண்டனுக்கு வெளியே ஆண்டுக்கு 31,650 பவுண்டு. அமெரிக்கப் பொதுப் பள்ளி மாவட்டங்களின் சம்பள அட்டவணைகளும் பொதுவாக இணையத்திலேயே கிடைக்கும்.

சட்டமும் இந்தப் பக்கம் நகர்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2021 முதல் வேலை விளம்பரத்தில் சம்பளத்தைக் குறிப்பிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த ஊதிய வெளிப்படைத்தன்மை விதியை உறுப்பு நாடுகள் தங்கள் சட்டத்தில் சேர்க்க 2026 ஜூன் 7 வரை கெடு தரப்பட்டது. அதன்படி தொடக்கச் சம்பளமோ அதன் வரம்போ விண்ணப்பதாரருக்கு முன்கூட்டியே, நேர்காணலுக்கு முன்பே தெரியும்படி இருக்க வேண்டும். அந்த நாடுகளில் இருக்கும் ஒரு பள்ளி மழுப்பினால் அதைச் சும்மா விட வேண்டாம்.

இந்த எண்களால் இன்னொரு பயனும் உண்டு. ஒரு தனியார் பள்ளி சம்பளம் சொல்லாதபோது, அதே நாட்டின் அரசு ஆசிரியர் சம்பளத்தை வைத்து ஒரு மதிப்பீட்டுக்கு வரலாம். பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த ஓஈசிடி அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் கல்வி அறிக்கையில் பல நாடுகளின் ஆசிரியர் சம்பள ஒப்பீடு இருக்கிறது. அமெரிக்காவில் ஹெச்-1பி விசா என்றால் வழி இன்னும் எளிது. அந்த விசாவுக்காக வேலை தருபவர் தொழிலாளர் துறையிடம் சம்பளத்தை எழுதிக் கொடுத்தாக வேண்டும், அந்தத் தரவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்தப் பள்ளி முந்தைய வருடங்களில் எந்த வேலைக்கு எவ்வளவு காட்டியது என்று நேர்காணலுக்கு முன்பே தேடிப் பார்த்துவிடுங்கள்.

எப்போது கேட்பது? முதலிலேயே கேட்டால் பணத்தாசை பிடித்தவர் என்று நினைக்க மாட்டார்களா?

நேர்காணலுக்கு நேரம் குறிக்கும்போதே கேட்டுவிடுங்கள். நாடு விட்டு நாடு போகும் ஒருவர் சம்பளம் கேட்கவில்லை என்றால்தான் ஆச்சரியம். அதற்கே முகம் சுளிக்கும் பள்ளி, நாளை விடுப்பு கேட்டால் எப்படி நடந்துகொள்ளும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எழுதுவது சுருக்கமாக, மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லாமல் இருக்கட்டும். இப்படி:

'நேர்காணலுக்கு அழைத்ததற்கு நன்றி. வியாழக்கிழமை எனக்கு வசதிப்படும். அதற்கு முன் இந்தப் பணிக்கான சம்பள வரம்பு, அது பிடித்தங்களுக்கு முன்பா பின்பா, எத்தனை மாதங்களுக்கு வழங்கப்படும், வீட்டு வசதி சம்பளத்துக்குள் அடங்குமா தனியா என்பதைத் தெரிவித்தால் இரு தரப்புக்கும் நேரம் மிச்சமாகும்.'

வரும் பதில்களில் பெரும்பாலும் மூன்று ரகம். எண்ணோடு வந்தால் மேலே போகலாம். 'நேர்காணலில் சொல்கிறோம்' என்று வந்தால் ஒரு தடவை போய்ப் பாருங்கள், ஆனால் நேர்காணல் முடியும் முன் அந்த எண் அவர்கள் வாயிலிருந்து வந்துவிட வேண்டும். 'எங்கள் பேக்கேஜ் மிகவும் கவர்ச்சிகரமானது' என்று மட்டும் வந்தால் உங்கள் கேள்வியை அவர்கள் படிக்கவே இல்லை, அல்லது நன்றாகப் படித்திருக்கிறார்கள்.

'எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?' என்று திருப்பிக் கேட்கிறார்களே?

முதலில் எண் சொல்பவர்தான் பெரும்பாலும் நஷ்டப்படுகிறார். 'உங்கள் அட்டவணையில் என் படிப்புக்கும் அனுபவத்துக்கும் எவ்வளவு வருகிறது?' என்று கேளுங்கள். விடாமல் நெருக்கினால், நீங்கள் விசாரித்து வைத்திருக்கும் வரம்பின் மேல் பகுதியைச் சொல்லுங்கள்.

'இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள்?' என்பது இன்னும் மோசமான கேள்வி. உங்கள் இன்றைய சம்பளத்தை அவர்கள் நாட்டுக் காசுக்கு மாற்றி, அதன் மேல் கொஞ்சம் சேர்த்து, பெரிய உயர்வு போலக் காட்டுவதற்குத்தான் அது. மேலே சொன்ன ஐரோப்பிய விதி இந்தக் கேள்வியையே தடை செய்கிறது. மற்ற இடங்களில், 'இரண்டு ஊர்களின் செலவும் வேறு, ஒப்பிடுவது சரியாக வராது' என்று சொல்லி நகர்ந்துவிடலாம். பொய் மட்டும் சொல்ல வேண்டாம், பிறகு சம்பளச் சீட்டு கேட்பவர்கள் உண்டு.

ஒரே வேலைக்குப் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சம்பளம் மாறுமா?

மாறும். சம்பளத்தை மறைப்பதற்கு நான் பார்த்தவரை மிக அசிங்கமான காரணம் இதுதான். அடுத்தடுத்த வகுப்பறையில் அதே பாடத்தை நடத்தும் இருவரில் ஒருவருக்கு வீடு, டிக்கெட், பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பு. இன்னொருவருக்கு அதில் எதுவும் இல்லாமல் பாதிச் சம்பளம். சில பள்ளிகள் இதை நாட்டின் பெயரால் செய்கின்றன. சில பள்ளிகள் 'வெளிநாட்டு நியமனம்', 'உள்ளூர் நியமனம்' என்று இரண்டு அட்டவணை வைத்திருக்கின்றன. கணவரோடோ மனைவியோடோ ஏற்கெனவே அந்த ஊரில் இருப்பவரை, பாஸ்போர்ட் எதுவானாலும் உள்ளூர் நியமனத்தில் தள்ளிவிடுவார்கள்.

அதனால் 'ஆசிரியர்களுக்கு எவ்வளவு?' என்று பொதுவாகக் கேட்டு வந்த பதிலை நம்ப வேண்டாம். 'உங்களிடம் எத்தனை சம்பள அட்டவணைகள் இருக்கின்றன, நான் எதில் வருகிறேன்?' என்று கேளுங்கள். அங்கே வேலை பார்ப்பவரிடம் விசாரிக்கும்போதும் உங்கள் நாட்டவரையே தேடிப் பிடித்து விசாரியுங்கள். மற்றவர் சொல்லும் எண் உண்மையாகவே இருக்கும், ஆனால் அது உங்களுக்குக் கிடைக்காது.

சரி, எண் கிடைத்துவிட்டது. அது நல்ல சம்பளமா என்று எப்படிப் பார்ப்பது?

சம்பளத்தைப் பார்க்க வேண்டாம், வருடக் கடைசியில் மிஞ்சுவதைப் பாருங்கள். கற்பனையாக இரண்டு ஆஃபர்கள் எடுத்துக்கொள்வோம்.

முதல் பள்ளி மாதம் 3,000 டாலர் என்கிறது. வரி, காப்பீட்டுப் பிடித்தம் எல்லாம் சேர்த்து 15 சதவீதம் போனால் கைக்கு வருவது 2,550. வாடகை 900, மற்ற செலவு 800. மிச்சம் 850, வருடத்துக்கு 10,200 டாலர். இரண்டாவது பள்ளி 2,200 டாலர்தான், ஆனால் வரி இல்லை, வீடு அவர்களுடையது. செலவு 800 போக மிச்சம் 1,400, வருடத்துக்கு 16,800. சின்னச் சம்பளம் ஜெயித்துவிட்டது போலத் தெரிகிறது.

இப்போது ஒப்பந்தத்தை உற்றுப் பார்க்கிறோம். இரண்டாவது பள்ளி பத்து மாதம்தான் சம்பளம் தருகிறது, கோடை விடுமுறைக்குக் கிடையாது. 22,000 டாலர் வருமானம், பன்னிரண்டு மாதச் செலவு 9,600, மிச்சம் 12,400. விமான டிக்கெட்டும் நம் கையிலிருந்து என்றால் ஆயிரம் டாலர் போய்விடும். அப்போதும் இதுவே கொஞ்சம் மேல்தான், ஆனால் 6,600 டாலராக இருந்த வித்தியாசம் 1,200-ஆகச் சுருங்கிவிட்டது. அந்த வீட்டை இன்னொருவரோடு பகிர வேண்டும் என்றோ, மின்சாரக் கட்டணம் உங்களுடையது என்றோ வந்தால் கணக்கு மறுபடியும் மாறும்.

சம்பளத்தை மறைக்கும் பள்ளிகள் இந்த விவரங்களையும் மறைப்பது வழக்கம். எனவே எண் வந்தவுடன் அடுத்த மின்னஞ்சல் போக வேண்டும்: பன்னிரண்டு மாதமா பத்து மாதமா? டிக்கெட் முன்பணமாகவா, வருடம் முடிந்த பிறகா? பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கட்டணச் சலுகை? காப்பீடு குடும்பத்துக்கும் சேர்த்தா?

அப்புறம், எந்த நாணயத்தில் என்பது. ஐக்கிய அரபு அமீரகத்தின் திர்ஹாம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது, சவூதி ரியால் 3.75-இல் நிற்கிறது. அங்கே பெரிய கவலை இல்லை. எகிப்தில் 2024 மார்ச்சில், டாலருக்கு ஏறக்குறைய 31-ஆக இருந்த பவுண்டு ஒரே நாளில் 50-ஐ ஒட்டிப் போய்விட்டது. பவுண்டில் சம்பளம் வாங்கி ஊருக்கு அனுப்பியவர்களுக்கு, ஒப்பந்தத்தில் ஒரு எழுத்தும் மாறாமலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. நாணயம் ஆடும் நாடுகளில் சம்பளத்தின் ஒரு பகுதியையாவது டாலரிலோ யூரோவிலோ தருவார்களா என்று கேட்பது தவறே இல்லை. தரும் பள்ளிகள் உண்டு.

சம்பளத்தைப் பேசிக், அலவன்ஸ் என்று பிரித்திருக்கிறார்கள். மொத்தம் ஒன்றுதானே?

மாதக் கடைசியில் ஒன்றுதான். வேலையை விட்டு வரும்போது ஒன்றல்ல. அமீரகச் சட்டப்படி ஒரு வருடமாவது முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு 21 நாள் சம்பளம். அந்த 21 நாள் கணக்கு பேசிக் மீது மட்டும்.

மொத்தம் 12,000 திர்ஹாம் என்று இரண்டு ஆஃபர்கள் வருகின்றன. ஒன்றில் பேசிக் 8,000, இன்னொன்றில் 5,000. இரண்டு வருடம் வேலை பார்த்தால் 42 நாள் சம்பளம். மாதத்தை 30 நாளாக வைத்தால் முதலாவதில் 11,200 திர்ஹாம் வரும், இரண்டாவதில் 7,000. 'மொத்தம் 12,000' என்று போனில் சொன்னவர் பொய் சொல்லவில்லை, ஆனால் 4,200 திர்ஹாமைச் சொல்லாமல் விட்டுவிட்டார். சவூதியில் கணக்கு வேறு. முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். எந்த நாடாக இருந்தாலும் பேசிக் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

வாரம் 20 மணி நேரம்தான் வேலை என்கிறார்கள். நம்பலாமா?

வகுப்பில் நிற்கும் நேரத்தை மட்டும் சொல்கிறார்களா, பள்ளியில் இருக்க வேண்டிய நேரத்தையா என்று கேளுங்கள். 20 மணி நேர வகுப்பும் 40 மணி நேர இருப்பும் ஒரே ஒப்பந்தத்தில் இருக்கும். சனிக்கிழமை நிகழ்ச்சிகள், பெற்றோர் கூட்டம், வராத ஆசிரியருக்குப் பதில் வகுப்பு, இதற்கெல்லாம் பணம் உண்டா என்பதும் சம்பளக் கேள்விதான்.

ஏஜென்ட் பதிவுக் கட்டணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

சம்பளம் சொல்லாதவர் உங்களிடம் பணம் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். வேலை தேடித் தரும் தனியார் நிறுவனங்கள் தொழிலாளரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு உடன்படிக்கை எண் 181-இன் பொது விதி. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை, சில நாடுகள் உச்சவரம்பு வைத்து அனுமதிக்கின்றன. ஆனால் நல்ல பள்ளிகளுக்கு ஆள் எடுத்துத் தரும் ஏஜென்சிகள் பள்ளியிடம்தான் காசு வாங்குகின்றன. அமீரகத்தில் ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளர் தலையில் கட்டுவது சட்ட விரோதம்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் நடந்ததைப் பார்த்தால் விளங்கும். பிலிப்பைன்ஸிலிருந்து அங்குள்ள பொதுப் பள்ளிகளுக்கு வந்த சுமார் 350 ஆசிரியர்களிடம் ஏஜென்சி தலைக்கு ஏறக்குறைய 16,000 டாலர் வசூலித்திருந்தது. கடன் வாங்கிக் கட்டியவர்கள் ஏராளம். வேலை உண்மை, பள்ளி உண்மை, சம்பளமும் உண்மை. வாங்கிய சம்பளம் கடனுக்கே போயிற்று. வழக்கு நடந்து, 2012-இல் 45 லட்சம் டாலர் தர வேண்டும் என்று ஜூரி தீர்ப்புச் சொன்னது. வேலை நிஜமாக இருந்தாலே போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நீங்கள் செலவழிக்க வேண்டியவை சில உண்டு: காவல்துறைச் சான்று, மருத்துவப் பரிசோதனை, பட்டத்துக்கு அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்காக அரசு தரும் அத்தாட்சி). இவற்றை அந்தந்த அலுவலகத்தில் நீங்களே நேரில் கட்டிவிடுங்கள், 'நாங்கள் முடித்துத் தருகிறோம்' என்பவரிடம் மொத்தமாகக் கொடுக்க வேண்டாம்.

'முதலில் டூரிஸ்ட் விசாவில் வாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்கிறார்கள்.

வேண்டாம். சீனாவை எடுத்துக்கொண்டால், வேலைக்குப் போக இசட் விசா வேண்டும், போனபின் பணி அனுமதியும் வேண்டும். சுற்றுலா விசாவிலோ வணிகத்துக்கான எம் விசாவிலோ பாடம் நடத்திப் பிடிபட்டால் அபராதம், காவல், நாடு கடத்தல் எல்லாம் ஆசிரியருக்கு வரலாம். சட்டப்படி அங்கே வேலையே செய்யாத ஒருவர், சம்பளம் பாக்கி என்று எந்த அலுவலகத்தில் போய்ச் சொல்வார்?

பள்ளி உண்மையானதா என்று எப்படிச் சரிபார்ப்பது?

ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலோரியேட்) என்ற சர்வதேச அமைப்பின் பாடத்திட்டம் நடத்துவதாகச் சொன்னால் அந்த அமைப்பின் இணையதளத்தில் பள்ளிப் பட்டியல் இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. மின்னஞ்சல் பள்ளியின் சொந்த முகவரியிலிருந்து வருகிறதா, ஜிமெயிலிலிருந்தா என்று பாருங்கள். பெயர் போன பள்ளியின் பெயரிலேயே போலி முகவரி உருவாக்கி ஆஃபர் அனுப்புவோரும் உண்டு. பள்ளியின் இணையதளத்தில் இருக்கும் தொலைபேசி எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டு, இந்தப் பணியிடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

அதைவிட உபயோகமானது அங்கே வேலை பார்ப்பவரோடு பேசுவது. பள்ளி தேர்ந்தெடுத்துத் தரும் ஆளோடு பேசினால் போதாது. லிங்க்ட்இன்னில் தேடினால் போன வருடம் விட்டுப் போனவர் கிடைப்பார். எடுத்ததும் சம்பளம் கேட்காதீர்கள். 'மாதம் எந்தத் தேதியில் பணம் வரும்? எப்போதாவது தள்ளிப்போயிருக்கிறதா?' என்று ஆரம்பியுங்கள். பெரும்பாலோர் மீதியைத் தாங்களே சொல்லிவிடுவார்கள்.

சம்பளத்தை வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். ஒப்பந்தம் அங்கே போனதும் தருவார்களாம்.

கையெழுத்தான ஒப்பந்தம் கைக்கு வராமல் இன்றைய வேலையை ராஜினாமா செய்யாதீர்கள். ஊரில் ஒரு தாளைக் காட்டி, போய் இறங்கியதும் குறைந்த சம்பளத்தோடு வேறு தாளை நீட்டுவது பழைய வித்தை. இதைத் தடுக்கத்தான் அமீரகம் 2016 முதல் ஒரு முறை கொண்டுவந்தது. தொழிலாளர் அமைச்சகத்தில் பதிவாகும் ஆஃபர் கடிதத்தில் இருப்பதே ஒப்பந்தத்திலும் இருக்க வேண்டும். அதில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு எண்ணையும் பாருங்கள். 'அது அரசாங்கத்துக்காக, உங்களுக்கு நிஜமாக வேறு தருவோம்' என்றால், தகராறு வரும் நாளில் செல்லுபடியாவது அரசாங்கத்திடம் இருக்கும் தாள்தான்.

போனில் பேசியதை அன்றே எழுத்தாக்கிவிடுங்கள். 'இன்று நாம் பேசியபடி மாதம் இவ்வளவு, பன்னிரண்டு மாதங்களுக்கு, வீடு தனி என்று புரிந்துகொண்டேன். தவறிருந்தால் திருத்தவும்' என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி, 'சரி' என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு முறை கேட்டும் எண் வரவில்லை. காத்திருப்பதா, விட்டுவிடுவதா?

ஒரு தேதி கொடுங்கள். 'வரும் வெள்ளிக்கிழமைக்குள் சம்பள விவரம் கிடைத்தால் அடுத்த கட்டத்துக்கு வருகிறேன்' என்று எழுதிவிட்டு மற்ற விண்ணப்பங்களைப் பாருங்கள். அதுவரை பட்டத்தின் அசல், பாஸ்போர்ட் நகல், டெமோவுக்காகத் தயாரித்த பாடத்திட்டம் எதையும் அனுப்ப வேண்டாம். அந்தத் தேதிக்குப் பிறகு மாதக்கணக்கில் கழித்து, பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கும்போது திடீரென்று 'உடனே வர முடியுமா?' என்று அழைப்பு வருவதும் உண்டு. வேறு யாரோ கடைசி நேரத்தில் மறுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பேரம் பேச அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. இந்தத் தடவை எண்ணை அவர்கள்தான் முதலில் சொல்ல வேண்டும், அதுவும் எழுத்தில்.